முகம் தெரியாத கல்யாணப் படம்

போன ஆனி மாதச் சாரல் காற்றில் எங்கள் கோவில் சன்னல் உடைந்தது. தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற வழியில் இருக்கும் சின்னக் கோவில் அது. பீடத்துக்குப் பின்னால், மேற்குச் சுவரில், வண்ணக் கண்ணாடிச் சன்னல். கடலில் மூழ்கப்போகும் பேதுருவை இயேசு கைபிடித்துத் தூக்குகிற காட்சி. மேல் பாதி தப்பித்துவிட்டது, கீழ்ப் பாதி நொறுங்கிப்போனது. இயேசு நீட்டிய கை அப்படியே இருக்கிறது, பேதுருவைத்தான் காணவில்லை.

அலுமினியச் சட்டம் போட்டு வெள்ளைக் கண்ணாடி மாட்டிவிடலாம் என்றது கமிட்டி. பழைய படம் ஒன்று கிடைத்தால் அப்படியே செய்து தருகிறேன் என்றார் கொல்லத்துக் கண்ணாடிக்காரர். படத்தைத் தேடிப் பிடிக்கப் போதகர் ஒரு மாதம் தவணை சொன்னார். எனக்குப் பொறுக்கவில்லை. ஞாயிறுதோறும் நான் பிரசங்கம் கேட்டதைவிட அந்தச் சன்னலைப் பார்த்ததுதான் அதிகம்.

வீடு வீடாகப் போய்க் கல்யாண ஆல்பங்களைப் புரட்டினேன். எல்லாவற்றிலும் சன்னல் இருக்கிற இடத்தில் ஒரு வெள்ளை வேட்டி. எங்கள் ஊரில் கல்யாணம் சாயங்காலம் நடக்கும். பின்னால் வெயில் அடித்தால் முகம் கருத்துவிடும் என்று, படம் பிடிக்கிறவர்கள் வந்ததும் முதல் வேலையாகச் சன்னலை வேட்டியால் மூடிவிடுவார்கள். இத்தனை வருஷத்தில் ஒருத்தருக்கும் அந்தச் சன்னலைப் படம் பிடிக்கத் தோன்றவில்லை. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இதற்கிடையில் பேதுருவின் அங்கி நீலமா பச்சையா என்று ஒரு சண்டை. நீலம் என்று நான் அடித்துச் சொன்னேன். பச்சை என்றார் கோவில் மணியடிக்கிற அண்ணாச்சி. இரண்டு வாரம் அவரோடு நான் பேசவில்லை.

தவணை முடிய நாலு நாள் இருக்கும்போது என் வீட்டுக்காரர் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்: "ஏட்டி, ஊரு ஆல்பத்தையெல்லாம் புரட்டுதியே, நீ கிழிக்கப் பாத்த படம் நம்ம பீரோலதான கெடக்கு."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எங்கள் கல்யாணமும் ஆனியில்தான். படம் எடுக்கிற நேரம் பார்த்துக் காற்று வேட்டியைப் பிடுங்கி எறிந்தது. கலர் படம்தான், ஆனால் எங்கள் இருவர் முகமும் தோசைக்கல்லாக விழுந்திருந்தது. ஸ்டூடியோக்காரரோடு சண்டை போட்டுவிட்டு, சேலைகளுக்கு அடியில் தள்ளியதை நான் பிறகு எடுக்கவே இல்லை.

எடுத்தேன். என் தலைக்கு மேலே அலை, படகு, பேதுரு, ஒரு துண்டு குறையாமல் பளிச்சென்று. அங்கி பச்சை. அழுகை வந்துவிட்டது.

அன்றைக்கே போய், "அண்ணாச்சி, பச்சைதான்" என்றேன்.

"அதத்தான நானும் சொல்லுதேன்" என்றார்.

இந்தச் சித்திரையில் புதுச் சன்னல் வந்தது. சாயங்கால ஸ்தோத்திர ஆராதனை முடிந்ததும் என்னையும் என் வீட்டுக்காரரையும் சன்னலுக்கு முன்னால் நிறுத்தினார்கள். கேமராவோடு வந்திருந்த பெண் முகத்தைச் சுளித்தாள். "ஆச்சி, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. பின்னாடி வெளிச்சம் அடிக்கி, மூஞ்சி தெரியாது."

இவர் நகரப் பார்த்தார். நான் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"தெரியாட்டா போகுதும்மா. இப்படியே எடு."

இரண்டு படங்களையும் முன்னறையில் மாட்டியிருக்கிறேன். வருகிறவர்கள் இது யார் என்று கேட்கிறார்கள். பேதுரு என்று சொல்கிறேன்.