விடுதியம்மாவின் நாய்

எங்கள் கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்க்கிறவளை எல்லோரும் மெஷின் அக்கா என்போம். வட்டமாக வருகிற லென்ஸை ஃப்ரேமின் அளவுக்கு ஓரம் தேய்த்துக் கொடுக்கும் இயந்திரம் அவள் பொறுப்பு. அதனால் வந்த பெயர் அது. போகப்போக ஆளுக்கும் பொருந்திவிட்டது. சிரிக்க மாட்டாள், சிடுசிடுக்கவும் மாட்டாள். முதலாளி கத்தினாலும் பாராட்டினாலும் ஒரே முகம்தான். நான் முன்னால் நின்று வருகிறவர்களின் மூக்கில் ஃப்ரேம் மாட்டிப் பார்க்கிறவள், வாயால் பிழைக்கிறவள். எனக்கும் அவளுக்கும் நடுவே ஒரு துணித்திரைதான் இருந்தது, ஆனால் ஏணி வைத்தாலும் எட்டாது.

அவள் அம்மா இறந்த அன்று வீட்டுக்குப் போயிருந்தேன். வந்தவர்களுக்கெல்லாம் நாற்காலி எடுத்துப் போட்டாள், தண்ணீர் கொடுத்தாள், என்னைப் பார்த்து, “பஸ் உடனே கெடைச்சுதா?” என்று கேட்டாள். கண்ணில் ஒரு சொட்டு இல்லை. நானோ வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டேன். அந்த அம்மாவை அதற்கு முன் ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான். கடைசியில் அவள்தான் எனக்கு ஆறுதல் சொல்லி அனுப்பினாள்.

அடுத்த வாரமே வந்து மெஷினைப் போட்டுவிட்டாள். மனசு கேட்காமல் திரையை விலக்கி, “அழுதுடுக்கா. உள்ளயே வச்சுக்காதே” என்றேன்.

“வச்சுக்கல. உள்ள ஒண்ணுமே இல்ல. தேடிப் பார்த்துட்டேன்” என்றாள், லென்ஸைத் துடைத்துக்கொண்டே.

எனக்குக் கோபம்தான் வந்தது. பெற்றவளுக்கு அழாதவள் வேறு எதற்கு அழப்போகிறாள் என்று அன்று முழுக்கப் பொருமினேன். இப்போது அப்படி நினைப்பதில்லை. சிலருக்கு மரத்துப்போய்விடுகிறது, அவ்வளவுதான். மரத்த காலைக் கிள்ளிவிட்டு வலிக்கவில்லையே என்று திட்டி என்ன பயன்?

அவளை உறுத்திக்கொண்டிருந்தது ஒன்றே ஒன்று. அவளுக்கு ஓர் அண்ணன் உண்டு. தனக்குப் பிடித்த பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டு வந்து நின்றபோது, “இனிமே இந்த வாசலை மிதிக்காதே” என்று அம்மா சொல்லிவிட்டாளாம். கோபத்தில் எல்லா அம்மாக்களும் சொல்கிற வசனம். இந்த மகராசன் அதை அப்படியே எடுத்துக்கொண்டு ஊரைவிட்டே போனான், ஃபோன் நம்பரையும் மாற்றிவிட்டான். அம்மா படுத்த படுக்கையான பிறகு, கதவு சத்தம் கேட்கும்போதெல்லாம் “வந்துட்டானா?” என்பாளாம். அக்கா விசாரிக்காத இடமில்லை. துப்பே கிடைக்கவில்லை. அம்மா இல்லை என்பதே அவனுக்குத் தெரியாது.

“அவன்கிட்ட சொல்லணும். சொல்லிட்டா என் வேலை முடிஞ்சுது” என்பாள், பாதி தேய்த்து வைத்த லென்ஸைப் பற்றிச் சொல்வதுபோல.

இதற்கு நடுவில் அவளுக்கு இருந்த ஒரே பொழுதுபோக்கு, ஃபோனில் ஒரு வாசகர் குழு. ஒரு நாவலுக்காக மட்டுமே நடக்கிற குழு. ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் விடுதி நடத்தும் ஒருத்தி, அவளுடைய இரண்டு பிள்ளைகள், அங்கே வந்து தங்கிப் போகிறவர்கள் என்று தலையணை கனத்துக்கு ஒரு கதை. நான் படித்ததில்லை. படிக்காமலேயே எனக்கு முக்கால்வாசி தெரியும், அத்தனை தடவை காதில் விழுந்திருக்கிறது. அந்த நாவலை யாரோ படமாக எடுக்கப்போகிறார்கள் என்று ஒரு புரளி கிளம்பியதிலிருந்து குழு அமளிதுமளியாகிக் கிடந்தது. விடுதியம்மாவாக யார் நடிப்பது, மழைக்காட்சியை எப்படி எடுப்பது, பாட்டு வேண்டுமா கூடாதா. ஒருவர் இடைவேளை எங்கே விடவேண்டும் என்பதுவரை முடிவு செய்துவிட்டார். தயாரிப்பாளர் யார் என்று மட்டும் ஒருவருக்கும் தெரியாது. எடுக்காத படத்துக்கு அடிதடி!

குழுவை நடத்துகிறவர் ஒரு ரிட்டயர்டு பஸ் கண்டக்டர். அவர் போட்ட சட்டம் ஒன்று உண்டு. எந்தப் பாத்திரத்துக்கு நடிகர் பெயரைச் சொன்னாலும், அந்தப் பாத்திரம் வருகிற அத்தியாயத்தையும் சேர்த்துச் சொல்லவேண்டும். இல்லாவிட்டால் பேசக்கூடாது. அத்தியாயம்தான் அவருக்கு டிக்கெட். டிக்கெட் இல்லாதவரை நடுவழியில் இறக்கிவிடத் தயங்காத மனுஷர். அக்கா அதில் சேர்ந்து வருஷக்கணக்காகிறது, ஆனால் ஒரு வார்த்தை எழுதியதில்லை. தினமும் மத்தியானம் சாப்பிடும்போது படிப்பாள், மூடிவைப்பாள்.

அன்று ஒரு பள்ளிக்கூடத்து ஆர்டர் குவிந்து கிடந்தது. அக்காவின் இரண்டு கையிலும் மெஷின் தண்ணீரும் வெள்ளைச் சேறும். சாப்பிட நேரமில்லை. “கொஞ்சம் படிச்சுக் காட்டேன்” என்று ஃபோனை என் பக்கம் தள்ளினாள். நான் டிபன் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, ஆளுக்கு ஒரு குரலில் ஏற்ற இறக்கத்தோடு வாசித்தேன். புதிதாகச் சேர்ந்த ஒருவர் எழுதியிருந்தார். வழிப்போக்கன் என்று பெயர் வைத்துக்கொண்டிருந்தார்.

‘விடுதியம்மாவா யார் வேணா நடிக்கட்டும். அவங்க கூடப் போற அந்த நொண்டி நாய்க்கு என்ன பண்ணுவாங்க? காது கிழிஞ்ச நாயா வேற தேடணும். அவங்க ரெண்டு பேரும் தண்டவாளத்தோரமா நடந்து போறதை மட்டும் நல்லா எடுத்துட்டா போதும், மத்ததெல்லாம் எப்படி இருந்தாலும் நான் பார்ப்பேன்.’

அதற்குக் கீழே சரமாரியாகப் பதில்கள். ‘எந்த நாய் சார்?’ ‘இந்தப் புத்தகத்துல பூனைகூடக் கிடையாதே!’ ‘விடுதியம்மா எங்க நடந்து போறாங்க? அவங்கதான் காய்ச்சல்ல செத்துப்போறாங்களே.’ கடைசியில் கண்டக்டர்: ‘அத்தியாயம் எது? சொல்லிவிட்டுப் பேசவும்.’

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். “பாவம்க்கா, வேற ஏதோ கதையைப் படிச்சுட்டு வண்டி மாறி ஏறிட்டாரு.”

மெஷின் நின்றிருந்தது. அக்கா அதை எப்போது நிறுத்தினாள் என்று நான் கவனிக்கவில்லை.

“இன்னொரு தடவை படி” என்றாள்.

படித்தேன். இந்த முறை குரல் மாற்றாமல்.

“அது என் அண்ணன்” என்றாள்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவள் கையைக்கூடத் துடைக்காமல், வழக்கமான அதே தட்டைக் குரலில் சொன்னாள். அவர்கள் வீட்டில் இருந்தது பழைய புத்தகக் கடையில் வாங்கிய பிரதி. பைண்டிங்கில் கோளாறு. நடுவில் ஒரு கொத்துப் பக்கம் இரண்டு தடவை வைத்துத் தைக்கப்பட்டிருந்தது, அதற்கு அடுத்து வரவேண்டிய கொத்து இல்லவே இல்லை. அண்ணன்தான் தினமும் அவளுக்கு வாசித்துக் காட்டுவான். அந்த இடம் வந்ததும் நிறுத்தினால் தங்கை அழுவாள் என்று, பக்கத்தைப் பார்த்துப் படிப்பதுபோலவே கதையை இட்டுக்கட்டினான். அதற்குப் பிறகு வருகிற பக்கங்களில் விடுதியம்மா இல்லை, பிள்ளைகள்தான் விடுதியை நடத்துகிறார்கள். அவள் எங்கே போனாள் என்று காரணம் சொல்லவேண்டுமே! ஒரு நாள் விடியற்காலை தண்டவாளத்தோரமாக நடந்து போனாள், விடுதி வாசலில் படுத்திருந்த நொண்டி நாயும் கூடவே போயிற்று என்றான்.

“பெரியவளானப்புறம் வேற புத்தகம் வாங்கிப் படிச்சிருக்கலாமே?” என்றேன்.

“எதுக்கு? எங்க வீட்லதான் புத்தகம் இருக்கே.” கொஞ்சம் யோசித்து, “குழுவுல விடுதியம்மா செத்துட்டாங்கன்னு எழுதுவாங்க. அதை மட்டும் படிக்காம தாண்டிடுவேன்” என்றாள்.

அடக் கடவுளே, இத்தனை நாள் தேடின ஆள் இதோ ஃபோனுக்குள் உட்கார்ந்திருக்கிறான்! “எழுதுக்கா! உடனே எழுது! நான் வேணா எழுதட்டுமா?” என்று குதித்தேன். அவள் அசையவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் அவளைப் பிடித்து உலுக்கலாம் போலிருந்தது.

“எழுதினா சொல்லணும்” என்றாள்.

“சொல்லத்தானே தேடினே?”

“ஆமா. ஆனா அவன் இன்னும் நாயைப் பத்திப் பேசிட்டிருக்கானே.”

நான் டப்பாவை மூடிவைத்தேன். முன்னால் யாரோ மணியடித்தார்கள். போய் ஒரு பெரியவருக்கு அவசர அவசரமாக ஃப்ரேம் காட்டிவிட்டு ஓடிவந்தேன். அதற்குள் குழுவில் அவனை ஒருவழி பண்ணியிருந்தார்கள். நாய்க்கு யார் டப்பிங் பேசுவது என்றுகூட ஒருத்தி கேட்டிருந்தாள். அவன் கடைசியாக எழுதியிருந்தான்:

‘மன்னிக்கணும். எங்ககிட்ட இருந்த புத்தகத்துல அந்தப் பக்கங்கள் இல்ல. அங்க அவங்க செத்துப்போறாங்கன்னு எனக்கு இன்னிக்குத்தான் தெரியும். நானே கட்டின கதையை நானே நம்பிட்டேன். யாரையும் தொந்தரவு பண்ணல, கிளம்பறேன்.’

வாசித்து முடித்தேன். அக்கா கையை ஏப்ரனில் துடைத்தாள். ஃபோனை வாங்கினாள். ஒரு விரலால் மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினாள். வருஷக்கணக்காக வாய் திறக்காதவளின் முதல் செய்தி குழுவில் போய் விழுந்தது.

‘நாய் இருக்கு.’

கண்டக்டர் பாய்ந்து வந்தார்: ‘அத்தியாயம்?’ அக்கா அவரைச் சட்டை செய்யவில்லை. அதற்குள் அவளுக்குத் தனியாக ஒரு செய்தி வந்திருந்தது. வழிப்போக்கன்தான்.

‘எந்தக் காது?’

‘இடது. நீ வலதுன்னுதான் சொன்னே. நான் அழுது மாத்தினேன்’ என்று எழுதினாள்.

எழுதுகிறான், நிறுத்துகிறான், மறுபடி எழுதுகிறான் என்று திரையில் தெரிந்தது. அக்கா அந்த இடைவெளியில் ஒரு லென்ஸை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள், கீறல் இல்லை என்று வைத்தாள். பிறகு வந்தது.

‘அம்மா எப்படி இருக்கா?’

நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். ஆனாலும் மனசு கேட்கவில்லை, எட்டிப் பார்த்தேன். ‘இறந்துட்டாங்க’ என்று எழுதினாள், அழித்தாள். ‘நம்ம அம்மா’ என்று ஆரம்பித்தாள், அதையும் அழித்தாள். அவள் முகத்தில் ஒன்றுமே இல்லை. பவர் பார்த்து லென்ஸ் எடுக்கும்போது எப்படி இருப்பாளோ அப்படித்தான் இருந்தாள், சரியானது எது என்று பார்க்கிறவளாக. பிறகு தட்டினாள். ஒரே வரி.

‘அம்மா நாயோட போயிட்டா, அண்ணா.’

அனுப்பிவிட்டு ஃபோனை மேஜைமேல் வைத்தாள். அவன் பார்த்துவிட்டான் என்று திரையில் தெரிந்தது. மெஷினைப் போடக் கையை நீட்டினாள், போடவில்லை. “அந்த சின்ன ஃப்ரேமெல்லாம் எங்க வச்சே?” என்று என்னைக் கேட்டாள். நான் எடுத்துக் கொடுத்தேன்.

ஃபோன் அடித்தது.

எடுத்துக் காதில் வைத்தாள். அந்தப் பக்கம் யாரும் ஹலோ சொல்லவில்லை. ஓர் ஆண்பிள்ளை வாய்விட்டு அழுகிற சத்தம், திரைக்குப் பக்கத்தில் நின்ற எனக்கே கேட்டது. என்னால் தாங்க முடியவில்லை. முன்னால் ஒருத்தர் ரசீதோடு காத்திருந்தார், அவரிடமும் போக முடியவில்லை. அக்கா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டு, ரொம்ப நேரம் அவன் அழுவதைக் கேட்டாள். அவளுக்கு அது தேவைப்பட்டது என்று எனக்குத் தோன்றியது.

அவன் ஏதோ சொல்ல முயன்று, அழுகையை நிறுத்தப் பார்த்தான் போலிருக்கிறது.

“நிறுத்தாதே” என்றாள் அக்கா. “எனக்குத்தான் வரவே மாட்டேங்குது. எனக்கும் சேர்த்து நீ அழு.”