கவர் கிழியாத மெத்தை

ஸ்பிரிங் மெத்தையின் மேல் இரண்டு குச்சிகளாலும் படபடவென்று அடித்துவிட்டுக் காதைச் சாய்க்கிறார் இடி. வாங்க வந்த தம்பதி ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள்.

"கேட்டீங்களா? ஒண்ணுமே கேக்கல இல்ல? அதான் நல்ல மெத்தை. சத்தம் போட்டா அதுக்குப் பேரு கட்டில்."

ஒரு காலத்தில் 'பூகம்பம்' ராக் குழுவின் டிரம்ஸ்காரர். அப்போது ஒட்டிக்கொண்ட பெயர்தான் இடி. குழுவின் பாடகருடைய தங்கையைக் காதலித்தார். மாமனார் ஒரே நிபந்தனை வைத்தார்: டிரம்ஸை விற்றுவிட்டு மெத்தைக் கடையில் வந்து உட்கார வேண்டும். உட்கார்ந்தார். குச்சிகளை மட்டும் விற்கவில்லை. தினமும் கடை திறந்ததும் பழைய பாட்டு அத்தனையையும் மெத்தை மேல் வாசித்துவிட்டுத்தான் மறுவேலை. அவர் தூசி தட்டுகிறார் என்றே பக்கத்துக் கடைக்காரர் இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறார்.

கடைக்கு ஒரு சட்டம் உண்டு. விற்கிற வரைக்கும் பிளாஸ்டிக் கவரைக் கிழிக்கக் கூடாது. "கவர் போச்சுன்னா சரக்கு போச்சு" என்று அப்போது மாமனார் சொன்னார். இப்போது கடையை நடத்தும் மனைவி சொல்கிறார். இடி கிழித்ததே இல்லை. வீட்டில் அவர்கள் படுக்கும் மெத்தைக்குக்கூடக் கவர் உண்டு. யாராவது நல்ல விலைக்குக் கேட்டுவிட்டால்? ஒருவர் புரண்டு படுத்தால் மற்றவர் பொட்டலம் பிரிப்பதாகக் கனவு கண்டு விழித்துக்கொள்வார்.

போன மாதம் பூகம்பம் புது ஆல்பத்துக்காக மறுபடி கூடியது. கிட்டார்காரர் இப்போது பல் டாக்டர். ஸ்டுடியோ அவர் ஏற்பாடு. பாடகர் தலைமையாசிரியர். ராக் பாடியபோது தாக்குப்பிடித்த தொண்டை, பிள்ளைகளை அதட்டியே போய்விட்டது.

ஸ்டுடியோவில் பளபளவென்று ஒரு டிரம்ஸ் செட். இடி சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்து முதல் அடி அடித்தார். அடித்த வேகத்தில் தூக்கிவாரிப்போட்டு, "யாருய்யா அது?" என்று பின்னால் திரும்பிப் பார்த்தார். இரண்டாவது அடிக்குக் கண்ணை இறுக மூடிக்கொண்டார். மூன்றாவதற்குக் குச்சி பறந்துபோய்ப் பல் டாக்டரின் காபியில் விழுந்தது.

"மாப்ளே, உன் பேரு இடிடா!" என்றார் தலைமையாசிரியர், கிட்டார் ஓசையில் அமுங்கிப்போன குரலில்.

"பழக்கம் விட்டுப்போச்சு மச்சான். இது ஏன் இப்படிக் கத்துது?"

பல் டாக்டர், நோயாளியை நாற்காலியில் சாய்த்துவைத்துப் பேசும் குரலில் சொன்னார்: "பயப்படாதடா. நாளைக்கு ஒருநாள் பாக்கலாம். வாசிக்க வரலைன்னா உனக்குப் பதிலா தாளம் போடற மெஷின் வெச்சிடுவோம். போன பல்லுக்குப் பல்லு கட்டிக்கறதில்லையா?"

அன்று ராத்திரி வீட்டில் இடி சோற்றுத் தட்டை ஒதுக்கினார். குச்சிகளை மடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தார்.

"எதுக்கு மூஞ்சியத் தொங்கப் போட்டிருக்கீங்க?" என்றார் மனைவி. "எது மேல வாசிக்க வருதோ அத எடுத்துட்டுப் போங்க."

மறுநாள் கடை வேனில் ஒரு டபுள் மெத்தை போயிற்று. கவருக்குக் காவலாக மனைவியும் போனார்.

மெத்தையைச் சுற்றி மைக் வைத்தார்கள். இடி கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே வாசித்தார். துப், துப், துதுப். அந்த அடக்கமான அடிக்குக் கிட்டாரும் தானாகவே தணிந்தது; தலைமையாசிரியரின் உடைந்த குரல் முழுசாகக் கேட்டது. பல் டாக்டர் வாயைத் திறந்தபடி நின்றார். வழக்கமாக அவர் எதிரில் மற்றவர்கள்தான் அப்படி இருப்பார்கள்.

கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்து ஒலிப்பதிவாளரின் குரல் வந்தது. "சார், அருமை. ஆனா அடிக்கு அடி ஏதோ மொறுமொறுங்குது. அங்க யாரு சிப்ஸ் தின்றது?"

எல்லோரும் கவரைப் பார்த்தார்கள்.

"அதக் கழட்டிடுங்க, போதும்."

"கழட்டினா பழைய மெத்தை ஆயிடும் சார்" என்றார் இடி, கடையில் நிற்கும் நினைப்பில்.

"அப்ப மெஷின்தான்" என்றார் பல் டாக்டர்.

இடி மனைவியைப் பார்த்தார். மனைவி அண்ணனைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். பிறகு எழுந்து வந்து, மெத்தையின் கால்மாட்டில் மண்டியிட்டு, கவரின் இரண்டு மூலைகளையும் விறைப்பாக இழுத்துப் பிடித்துக்கொண்டார்.

"கோணல்மாணலாக் கிழிக்காதீங்க. பாக்கச் சகிக்காது."

இடி தலைமாட்டில் குச்சியின் முனையைக் குத்தி, ஒரே இழுப்பாக மனைவியின் கை வரைக்கும் கொண்டுபோனார்.