அட்டைப் போன்

மலையைப் பார்த்துச் சாரல் எப்போது விழும் என்று சொல்வது தென்காசியில் எல்லோருக்கும் கைவந்த கலை. மேல்காற்று கொஞ்சம் குளிர்ந்தால் போதும், டீக்கடையில் நிற்பவர்கூட "நாளக்கழிச்சு தண்ணி விழுந்துரும்" என்பார். எனக்கு அது வராது. நான் போன் சொல்பவன். எந்தக் கம்பெனி அடுத்து என்ன விடும், விலை எப்படி இருக்கும் என்று வீடியோக்களைப் பார்த்துப் பார்த்துச் சொல்வேன். ஒரு தடவை நான் சொன்னது அப்படியே பலித்துவிட்டது. அன்றிலிருந்து சொந்தக்காரர்கள் யாரும் என்னைக் கேட்காமல் போன் வாங்குவதில்லை. நானும் தலைகால் புரியாமல் ஆடினேன்.

அத்தான், அதாவது என் அக்காவின் வீட்டுக்காரர், ராணுவத்தில் இருக்கிறார். போன வருஷம் சாரல் சீசனுக்கு லீவில் வந்திருந்தபோது எல்லோரும் ஐந்தருவிக்குப் போனோம். போனைப் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொள்ள அங்கே விற்கும் பிளாஸ்டிக் கவர் ஒன்றை வாங்கினார். அவருடைய போன் பெரியது. கவரின் வாய் சரியாக மூடவில்லை. "அதெல்லாம் தாங்கும் மாப்ளே" என்று சொல்லிவிட்டு அருவிக்குள் போய்விட்டார். குளித்துவிட்டு வந்து பார்த்தால் மற்றதெல்லாம் வேலை செய்தது. முன்னும் பின்னும் கேமரா மட்டும் போயிருந்தது.

மறுநாள் தென்காசியில் புதுப் போன் வாங்கப் புறப்பட்டார். அப்போது எல்லோர் கையிலும் இருந்த ஒரு மாடல். நான்தான் தடுத்தேன்.

"வாங்காதிய அத்தான். இதுலயே சின்னது ஒண்ணு வருது. வெலையும் கம்மி. ஒங்க யூனிபார்ம் பையில போட்டு பட்டனே மாட்டிரலாம்."

"நெசமாவா மாப்ளே?"

பெரிய போனை வைத்தால் பையின் பட்டனைப் போட முடியவில்லை என்பது அவருடைய நெடுநாள் குறை. வீடியோவில் யாரோ சொன்ன நீள அகலத்துக்கு, ஒரு அல்வா டப்பாவின் அட்டையை வெட்டிக் கொடுத்தேன். பெட்டியில் மடித்து வைத்திருந்த யூனிபார்மை எடுத்து, பையில் அட்டையைப் போட்டு, பட்டனை மாட்டிப் பார்த்தார். கச்சிதமாக இருந்தது. முகமெல்லாம் சிரிப்பு அவருக்கு. லீவு முடிந்து போகும்போது அட்டையைக் கையோடு கொண்டுபோய்விட்டார்.

அவர்கள் பிள்ளைக்கு அப்போது தவழும் வயது. அவர் வீடியோவில் கூப்பிட்டால் பிள்ளையை அவர் பார்ப்பார். அவர் பக்கம் கேமரா இல்லாததால், இங்கே இலஞ்சி வீட்டில் அக்காவின் போனில் கறுப்புத் திரையும் குரலும் மட்டும்தான். முகாமில் பக்கத்துக் கட்டில்காரரின் போனை இரவல் கேட்க அவருக்குக் கூச்சம். "பேசாம கெடைக்கிறத வாங்கிக்கிடச் சொல்லட்டாலே?" என்று அக்கா கேட்கும்போதெல்லாம், "இந்தா வந்துட்டுக்கா, கொஞ்சம் பொறு" என்பேன்.

அந்தக் கம்பெனியின் அறிமுக விழாவை நேரலையில் பார்த்தேன். விலை குறைந்த மாடல் வந்தது. ஆனால் உடம்பு அதே பெரிய உடம்பு. சின்னது வரவேயில்லை. அன்றைக்கே அத்தானைக் கூப்பிட்டு, நான் சொன்னது தப்பு, இருப்பதை வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. "அடுத்தது கண்டிப்பா சின்னதுதான் அத்தான்" என்றேன். அதில் எனக்கே நம்பிக்கை இல்லை. என் பேர் கெட்டுவிடக் கூடாது என்பதுதான் அப்போது என் கவலை. இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

இந்த வருஷம் சாரல் தொடங்கியதும் அத்தான் வந்தார். பிள்ளை நடக்கத் தொடங்கியிருந்தான். தோளில் கிடந்த பையைக்கூட இறக்காமல் அவர் கையை நீட்டினார். அவன் வீறிட்டு அழுது அக்காவின் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

"ஏலே, அப்பாலே. தெனமும் பேசுவியே" என்றாள் அக்கா.

"எஞ்செல்லம், அப்பாட்ட வரமாட்டியா?" என்றார் அவர்.

குரலைக் கேட்டதும் அழுகை நின்றது. பிள்ளை தலையை எடுத்தான். அவரைப் பார்க்கவில்லை. தத்தித் தத்தி டிவி மேசைக்குப் போய், அக்காவின் போனை இரண்டு கையாலும் எடுத்து, அதைப் பார்த்து "ப்பா" என்றான்.

அக்கா என் பக்கம் திரும்பவில்லை. இரண்டு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

அத்தான் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார். தென்னை மரத்தடியில் சாரலில் நின்றபடி அக்காவின் போனுக்கு வீடியோவில் கூப்பிட்டார். அக்கா எடுத்துப் பிள்ளையிடம் கொடுத்தாள். கறுப்புத் திரையைப் பார்த்து அவன் சிரிக்கும் சத்தம் வாசல்வரை கேட்டது. நான் குடையை எடுத்துக்கொண்டு போய் அவருக்குப் பிடித்தேன். மன்னிப்புக் கேட்கலாம் என்றுதான் போனேன். அவர் போனை நெஞ்சோடு பொத்திக்கொண்டு, சட்டைப் பையிலிருந்து அந்த அட்டையை எடுத்துக் காட்டினார். ஓரமெல்லாம் நைந்திருந்தது.

"மாப்ளே, சின்னது எப்ப வருதாம்?"

கேலி இல்லை. நிஜமாகவே கேட்டார்.