டீக்கடையில் விளைந்த நெல்

மொபைல் ஆப் எழுதிப் பிழைக்கிறவள் நான். நேற்று ஓடிய புரோகிராம் இன்று காலையில் ஓடாது. ஏனென்று தோண்டிப் பார்த்தால், எங்கேயோ ஒருவர், நான் இரவல் வாங்கிச் சேர்த்திருக்கும் லைப்ரரி என்ற ஆயத்த நிரல் ஒன்றைப் புதுப்பித்திருப்பார். அதைச் சரிக்கட்ட இன்னொன்றைப் போட வேண்டும். அந்த இன்னொன்றுக்கோ முதலாவதைக் கண்டாலே ஆகாது. இரண்டுக்கும் சமாதானம் செய்து வைப்பதற்குள் எனக்குப் பசி செத்துவிடும். ஆனையூர் வீட்டு மாடியறையில் நான் தனியாகத் திட்டுவதைக் கேட்டு, எனக்கும் என் புருஷனுக்கும் ஆகவில்லை என்றே கீழ்வீட்டுக்காரர்கள் ரொம்ப நாள் நினைத்திருந்தார்கள்.

மேலூர்ப் பக்கம் நெல் அறுக்கும் மிசின்களை வாடகைக்கு விடும் ஒருவர், விவசாயிகள் முன்பதிவு செய்ய ஓர் ஆப் கேட்டார். விவசாயி பட்டனை அழுத்தினால் அவர் நிற்கும் இடம் டிரைவரின் போனுக்குப் போக வேண்டும். அழுத்திய வரிசையில் வண்டி வர வேண்டும். இவ்வளவுதானே என்று ஒத்துக்கொண்டேன். அந்த இவ்வளவு மூன்று மாதத்தைத் தின்றது.

லேப்டாப்பில் ஒழுங்காக இருப்பது போனில் கோணிக்கொள்ளும். என் போனில் சரியாக இருப்பது விலை குறைந்த போனில் பாதி காணாமல் போகும். எல்லாவற்றையும்விட என் உயிரை வாங்கியது 'நில உரிமையாளர் பெயர்' என்று கேட்கும் கட்டம். அதைத் தொட்டதும் கீபோர்டு எழும்பி வந்து, கீழே இருக்கும் பதிவு பட்டனை மறைத்துவிடும். பட்டனை மேலே தூக்கினால் கட்டம் ஒளிந்துகொள்ளும். சனியன் பிடித்த கட்டம். அதோடு மல்லுக்கட்டியதில், 'சிக்னல் இல்லாத இடத்திலும் வேலை செய்ய வேண்டும்' என்று நோட்டில் எழுதி வைத்திருந்ததை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவிட்டேன். என் மாடியில்தான் சிக்னலுக்குக் குறைவே இல்லையே.

ஆப் வெளிவந்த தை மாதத்தில் என் அக்காவின் வயலும் அறுப்புக்கு நின்றது. அதுவரை எங்கள் குடும்பத்தில் எல்லோரும் அடுத்தவர் வயலில் கூலிக்கு அறுத்தவர்கள்தான். அக்கா வருஷக்கணக்காகச் சேர்த்து, தன் பெயரில் வாங்கிய முக்கால் ஏக்கர் அது; முதல் வெள்ளாமை. கதிர் முற்றிச் சாயத் தொடங்கியிருந்தது. வானமோ கறுத்துக்கொண்டு வந்தது. நனைந்தால் நெல் வயலிலேயே முளைத்துவிடும்.

மிசின்காரருக்கு நேராகப் போன் போடவா என்று அக்கா கேட்டாள்.

"அதெல்லாம் வேணாம்க்கா. ஆப்ல போடு, வரிசைப்படி தன்னால வரும்" என்றேன். எனக்கு அவ்வளவு பெருமை.

மறுநாள் பதினோரு மணிக்கு அவளே கூப்பிட்டாள். "ஏண்டி, அறுத்து முடிச்சாச்சுன்னு உன் ஆப் சொல்லுது. அஞ்சு நட்சத்திரம் குடுக்கச் சொல்லி வேற கேக்குது. வயல்ல நெல்லு அப்புடியே நிக்குது."

"நீ எங்கிட்டு இருந்துக்கா அழுத்துன?"

"வயல்ல எங்க டவர் எடுக்குது? ரோட்டு டீக்கடைக்கு வந்துதான் அழுத்துனேன். எல்லாரும் இங்கதான் அழுத்துறாங்க."

லேப்டாப்பைத் திறந்தேன். ஏழு பதிவு, மேப்பில் ஏழும் அந்த டீக்கடையின் தலைமேல். சொன்ன இடத்துக்கு வண்டி வந்து கிளம்பிவிட்டால் அறுப்பு முடிந்தது என்று எடுத்துக்கொள்ளும்படி எழுதியிருந்தேன். டிரைவர் மிசினோடு கடைக்கு வந்து, டீ குடித்து, அங்கே நின்றிருந்த ஒருவர் கூப்பிட்ட வயலுக்குப் போயிருக்கிறார். என் புண்ணியத்தில் ஏழு பேருக்கும் அறுப்பு முடிந்திருந்தது.

ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஓடினேன். அந்த வயலை முடித்துவிட்டு மிசின் டீக்கடை வாசலுக்கே திரும்பி வந்து நின்றது. அடுத்தது எனக்குத்தான் என்று மூன்று பேர் டிரைவரைச் சூழ்ந்திருந்தார்கள். அக்கா வயலுக்குத் திரும்பியிருந்தாள். எங்கள் அக்காதான் முதலில் பதிந்தாள் என்றேன்.

"ஆப்ல பாத்தா எல்லாருக்கும் முடிஞ்சிருச்சுன்னு இருக்கு மேடம்" என்றார் டிரைவர்.

எங்கள் குடும்பத்தைத் தெரிந்த டீக்கடைக்காரர் டம்ளர் கழுவிக்கொண்டே பேசினார். "இந்தப் பிள்ளையோட அக்காதான் மொத ஆளு. நேத்து காலையில கடை தொறக்கையிலேயே வந்துருச்சு. போனையே பாத்துக்கிட்டு ரொம்ப நேரம் நின்னுச்சு, அழுத்தத் தெரியலையோன்னு நெனச்சேன். ரெண்டாவது, மூணாவது யாருன்னும் சொல்றேன், கேட்டுக்கங்க." ஏழு பேரையும் வரிசையாகச் சொன்னார். ஒருவர்கூட மறுத்துப் பேசவில்லை.

நான் ஸ்கூட்டரில் முன்னால் போக, மிசின் பின்னால் வந்தது. முக்கால் ஏக்கர் ஒரு மணி நேரத்தில் முடிந்தது. நெல்லைக் களத்தில் கொட்டித் தார்ப்பாயை இழுத்து மூடும்போது தூறல் விழுந்தது. அக்கா சிரித்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. நெல் போயிருந்தால் அவள் முகத்தில் எப்படி முழித்திருப்பேன்.

அடுத்த வாரமே ஆப்பை மாற்றி எழுதினேன். சிக்னல் இல்லாவிட்டாலும் வயலிலேயே இடத்தைக் குறித்துக்கொள்ளும். டவர் கிடைத்ததும் அனுப்பிவிடும். கூடவே அந்தச் சனியன் பிடித்த கட்டத்தையும் தூக்கி எறிந்தேன். போன் நம்பர் இருக்கும்போது பெயர் எதற்கு? ஒரே பட்டன். கீபோர்டு தொல்லையே இல்லை. இந்த முறை மாடியில் இல்லாமல் அக்காவின் வரப்பிலேயே உட்கார்ந்து சோதித்தேன். வேலை செய்தது. அவளிடம் போனை நீட்டினேன்.

மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள். "பேரு எழுதுற கட்டம் எங்கடி?"

"அது தேவையில்லக்கா. எடுத்துட்டேன்."

"நெலத்துக்காரங்க பேருன்னு கேட்டுச்சுல்ல அது? ஒவ்வொரு எழுத்தாத் தேடி என் பேர அடிச்சேன். அடிச்சிட்டு, அனுப்ப மனசு வராம பாத்துக்கிட்டே நின்னேன்" என்றாள்.

நான் லேப்டாப்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, கட்டத்தைத் திரும்பவும் போட்டேன். கீபோர்டு இன்றைக்கும் பட்டனை மறைத்துக்கொண்டுதான் இருக்கிறது.