மில்லிமீட்டரின் பெஞ்ச்

தெருவில் அவருக்கு மில்லிமீட்டர் என்று பெயர். அலமாரிக் கதவில் மயிரிழை இடைவெளி தெரிந்தாலும் கழற்றிப் போட்டு மறுபடி பொருத்துகிற தச்சரை வேறு எப்படிக் கூப்பிடுவது? ஆனால் பேர்பெற்ற அந்த மில்லிமீட்டரின் டேப்புக்கு முனை கிடையாது. முதல் ஏழெட்டு சென்டிமீட்டர் எப்போதோ ஒடிந்து போனது. புதிது வாங்கித் தொலைத்திருக்கலாம். மனுஷன் மாட்டார். பத்தாவது கோட்டில் அரத்தால் ஒரு வெட்டுப் போட்டுக்கொண்டு, அங்கிருந்தே அளந்து, "பத்தைக் கழி, பத்தைக் கழி" என்று முனகியபடியே முப்பது வருஷம் ஓட்டிவிட்டார். சுவருக்கு அந்தப் பக்கம் சமையலறையில் இருந்த மனைவிக்கு அந்த முனகல் மனப்பாடம்.

பட்டறை என்பது வாடகை வீட்டின் பின்னறைதான். நடுவில் பெஞ்ச், இருநூற்று இருபது சென்டிமீட்டர், ஒரே பலகை. அதன் வலது முனையில், வேலை செய்யும் பலகையைக் கவ்விப் பிடிக்கிற மரத்தாலான வைஸ். திருகு ஓடுகிற மரையை அந்தப் பலகையிலேயே, கண் நன்றாக இருந்த காலத்தில், நாற்பது நாள் உட்கார்ந்து வெட்டியிருந்தார். இப்போது ஒரு கண் அணைந்துவிட்டது, மற்றது மங்கிக்கொண்டு வருகிறது. போனது திரும்பாது என்று டாக்டர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். மரம் அசையாமல் வைஸில் நின்றால் மீதியை விரல்கள் பார்த்துக்கொள்ளும். அந்த ஒரு தைரியத்தில்தான் ஸ்டூலும் பெட்டியுமாக இன்னும் செய்துகொண்டிருந்தார்.

வீட்டை இடிக்கப் போகிறோம், காலி செய்யுங்கள் என்றார் வீட்டுக்காரர். அலைந்து திரிந்து ஒரு வீடு கிடைத்தது. அதில் பெஞ்ச் போடத் தோதாக ஒரே ஓர் அறை. பக்கச் சுவர்களில் கதவும் ஜன்னலும் வந்துவிட, பின்சுவர் மட்டும் மிச்சம். சாவி வைத்திருந்த ஆள் பத்து நிமிஷம்தான் கொடுத்தான். வெட்டுப் போட்ட கோட்டைத் தடவிப் பார்த்து இவர் ஒரு மூலையில் அழுத்திப் பிடித்துக்கொள்ள, மறுமூலையில் மனைவி எண்ணைப் படித்தாள். டேப்பை அவள் கையில் கொடுத்தது அன்றுதான் முதல் தடவை.

"இருநூத்தி இருபத்தி மூணு."

"இன்னொரு தடவை பாரு."

"அதேதாங்க. இருநூத்தி இருபத்தி மூணு."

பத்தைக் கழித்தார். இருநூற்றுப் பதின்மூன்று. பெஞ்சுக்கு ஏழு குறைந்தது.

லாரி வருவதற்கு முந்தின நாள் பெஞ்சை அறுத்தார். இடது முனையில் அறுத்தால் கால் கழன்றுவிடும். வலது முனைதான் வழி.

"அறுத்துத்தான் ஆகணுமா?" என்றாள் மனைவி.

"பின்ன, சுவத்தையா அறுக்க முடியும்? அங்க போய் வேற மரை வெட்டிக்கலாம் விடு."

அது பொய் என்று அவருக்கே தெரியும். இந்தக் கண்ணை வைத்துக்கொண்டு மரை வெட்டுவதாவது! பெஞ்சாவது கூட வரட்டும் என்றுதான், நுழைக்க இரண்டு சேர்த்து, ஒன்பது சென்டிமீட்டர் எடுத்தார். மரையின் நடுவில் ரம்பம் இறங்கியபோது அவருக்கு அழுகை வந்தது. மூக்கை உறிஞ்சி, தூசி என்றார்.

மறுநாள் சுமைகூலிக்காரர்கள் இரண்டு பேர் பெஞ்சைப் புது அறையில் இறக்கி, பின்சுவர் ஓரமாகப் போட்டு, இடது மூலையோடு ஒட்டித் தள்ளினார்கள். "சரியா உட்கார்ந்திருச்சு ஐயா," என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அவர் தடவிக்கொண்டே வலது முனைக்கு வந்தார். பலகை முடிந்தது, சுவர் வரவில்லை. இடுக்கில் உள்ளங்கையை விட்டார், முழுதாகப் போய் இன்னும் இடம் இருந்தது. அந்த விரல்களுக்கு டேப் தேவையில்லை. பன்னிரண்டு சென்டிமீட்டர். அறுத்திருக்கவே வேண்டாம்.

"அன்னைக்கு டேப்புல என்ன நம்பர் இருந்துச்சு?"

"டேப்புலயா? இருநூத்தி முப்பத்தி மூணு," என்றாள் அவள் பாத்திரக் கூடையை இறக்கியபடி. "நான்தான் பத்தைக் கழிச்சுச் சொன்னேனே. கண்ணு தெரியாம நீங்க கணக்கு வேற போடணுமான்னுதான். ரெண்டு தடவையும் ஒழுங்காக் கழிச்சேன்."

அவள் குரலில் பெருமை இருந்தது. முப்பது வருஷத்தில் அவருடைய வேலையில் அவள் கைவைத்தது அந்த ஒரு கழித்தல்தான். அறுத்த துண்டு அவர் பையில், துணி சுற்றி, பத்திரமாக இருந்தது. குறுக்கே அறுத்த மரம் எந்தப் பசைக்கும் நிற்காது என்பது அவருக்குத் தெரியாததா? இனி ஒரு பலகையைப் பிடித்து நிறுத்த இந்த வீட்டில் எதுவும் இல்லை. எல்லாம் முடிந்தது.

"ஏங்க, நான் தப்பாச் சொல்லிட்டேனா?"

"இல்ல. சரியாத்தான் சொல்லியிருக்க."

அவள் முகம் தெளிந்தது. வந்து இடுக்கை எட்டிப் பார்த்தாள்.

"நல்லதாப் போச்சு. தொடப்பம் வைக்க எங்கடா இடம்னு பார்த்துக்கிட்டு இருந்தேன்."

துடைப்பம் அதில் கச்சிதமாக நின்றது.