தொண்ணூற்றாறாம் பக்கத்துக்கு அப்புறம்

கோவில்பட்டியில் நாங்கள் நான்கு பேர் மாதம் ஒருமுறை கூடி நாவல்களைப் பற்றிப் பேசுகிறோம். நான் எதைச் சிபாரிசு செய்தாலும் மற்ற மூவரும் நாற்பது பக்கம் படித்துவிட்டுத் திருப்பித் தந்துவிடுவார்கள். "ஒண்ணுமே நடக்க மாட்டேங்கு அண்ணாச்சி" என்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

குறிப்பாக ஒரு நாவலுக்காக அவர்களோடு வருடக்கணக்காகச் சண்டை போட்டிருக்கிறேன். பழைய புத்தகக் கடையில் வாங்கியது. ஐந்து முறை படித்துவிட்டேன். அதில் தொண்ணூற்றாறாம் பக்கத்தின் கடைசி வரியில் ஓர் இளம்பெண் பருத்தி எடுக்கக் கிளம்புவாள். எதிர்ப் பக்கத்தில் அவளே புருஷனைப் பறிகொடுத்த கிழவியாக இருப்பாள். இடையில் ஒரு வார்த்தை கிடையாது. "என்ன ஒரு துணிச்சல் பாருங்கய்யா!" என்று நான் கத்தாத மாதமில்லை.

என் தொல்லை தாங்காமல் அந்த மூவரில் ஒருவரான விளாத்திகுளத்து நண்பர் போன மாதம் புதுப் பிரதி வாங்கிப் படித்தார். முடித்ததும் போன் செய்தார்.

"அண்ணாச்சி, உங்க புஸ்தகத்துல பதினாறு பக்கத்தக் காணோம்லா? இதுல அவ கல்யாணம், பிரசவம், புருஷன் சாவு எல்லாம் வெலாவாரியா இருக்கு."

எடுத்துப் பார்த்தேன். தொண்ணூற்றாறுக்கு எதிரே நூற்றுப் பதின்மூன்று. ஐந்து முறை படித்தும் பக்க எண்ணைப் பார்க்காத என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அவர் பிரதியை வாங்கி அந்தப் பதினாறு பக்கங்களையும் படித்தேன். டிவி சீரியல் மாதிரி ஒரே அழுகை. ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. அந்தத் துணிச்சல் எழுதியவருக்கு இல்லை, பைண்டிங் செய்தவருக்குத்தான் இருந்திருக்கிறது.