தரையில் காய்ந்த உப்புத் தடம்

முதலில் காணாமல் போனது என் இடது செருப்பு. கம்பெனி வேனிலிருந்து இறங்கி, கேட்டைத் தாண்டி, என் மேசை வரை நடந்திருக்கிறேன். ஒரு கால் வெறுங்காலாக இருப்பது எனக்குத் தெரியவே இல்லை. பின்னால் வந்த நாகரத்னா அக்கா அந்தச் செருப்பைத் தூக்கிக் காட்டினார்.

"ஏன் மஞ்சு, இன்னிக்கு செருப்ப உட்டுட்டு வந்துட்ட. நாளைக்குக் காலயே உட்டுட்டு வருவியா?"

எல்லோரும் சிரித்தோம், நான்தான் அதிகம். அக்கா சொல்வதையெல்லாம் வீட்டுக்கு வந்து என் கணவர் மாதேஷிடம் ஒப்பிப்பது என் வழக்கம். அன்று இதை மட்டும் ஏனோ சொல்லவில்லை.

ஓசூரை அடுத்த பாகலூர் பக்கம் ஒரு சின்ன யூனிட்டில் குளியல் உப்பு பேக்கிங் செய்கிறேன். பார்க்கக் கல் உப்பு மாதிரி இருக்கும். தின்கிற உப்பு அல்ல, மெக்னீசியம் கலந்த தாது உப்பு. நீல நிறம், லாவெண்டர் வாசனை. வெந்நீரில் கரைத்து ஊறினால் உடம்பு அலுப்புத் தீரும், தோல் மிருதுவாகும் என்று பாக்கெட்டில் போட்டிருக்கும். சீல் சரியாக விழாத பாக்கெட்டுகளை எங்களுக்கே கொடுத்துவிடுவார்கள். வீட்டுக்குப் போனதும் கால் ஊறவைப்போம்.

அதில் எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. நாளெல்லாம் உப்பு அள்ளி, விரல் இடுக்கெல்லாம் வெடித்திருக்கும். அந்தக் கை உப்புத் தண்ணீரில் பட்டால் உயிர் போய் உயிர் வரும். அதனால் உப்பு கட்டும் பெண்கள் யாரும் கையை விட்டுச் சூடு பார்க்கமாட்டோம். காலைத்தான் விடுவோம்.

உங்களுக்குச் சர்க்கரை இருந்தால் மேலே உள்ள வரியை இன்னொரு தடவை படியுங்கள். எனக்கும் இரண்டு வருடமாக இருந்தது. மாத்திரை, நினைவு வந்தால் போடுவேன்.

மார்கழி மாதம். ஓசூரில் மத்தியானம் மூன்று மணிக்கே ஸ்வெட்டரைத் தேடும் குளிர். ஷிப்ட் முடிந்து வந்து, அகல பேசினில் வெந்நீர் ஊற்றி, உப்பைப் போட்டு, இடது காலை விட்டேன். சூடே இல்லை. அடுப்பில் கொதித்ததை ஊற்றினேன். அப்போதும் இல்லை. இன்னும் ஊற்றினேன். ஆவி என் முகத்தில் அடிக்கிறது, மூக்கில் பூ வாசனை ஏறுகிறது, காலிடமிருந்து மட்டும் ஒரு பதிலும் இல்லை. குளிர் நாளில் தண்ணீர் சீக்கிரம் ஆறிவிடுகிறது என்று நினைத்துக்கொண்டேன். சோம்பலில் வலது காலை விடவே இல்லை. அந்தச் சோம்பல்தான் அதைக் காப்பாற்றியது.

ஐந்து மணிக்கு மாதேஷ் டெம்போவை நிறுத்திவிட்டு வந்தார். வாசலிலேயே நின்றார்.

"யாரு வந்தது வூட்டுக்கு?"

"யாரும் வரலியே."

"அப்ப இது யாரு காலு?"

சாயும் வெயில் தரையில் விழுந்திருந்தது. உப்புத் தண்ணீர் காய்ந்து, கால்தடங்கள் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தன. கோலமாவில் வைத்த மாதிரி எல்லாம் இடது கால். ஒவ்வொன்றிலும் சுண்டுவிரல் பக்கம் சிவப்பாகக் கசிந்திருந்தது. சமையலறைக்குப் போயிருந்தது, திரும்பியிருந்தது, சாமி படத்தின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றிருந்தது. யாரோ காயம்பட்ட பெண், நான் பார்க்காமலே என் வீட்டுக்குள் நடந்திருக்கிறாள் என்றுதான் நினைத்தேன்.

மாதேஷ் குனிந்து அந்தத் தடத்தைப் பிடித்துக்கொண்டே வந்தார். அது என் நாற்காலியில் முடிந்தது.

"மஞ்சு. கால தூக்கு."

பாதத்தின் தோல் ஈரத் துணி போலத் தொங்கியது. வலி இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

ஓசூரில் கட்டுப் போட்டு, கிருஷ்ணகிரிக்கு அனுப்பினார்கள். வழியில் சானமாவு காட்டருகே வண்டிகள் நின்றுவிட்டன. யானைகள் ரோட்டைக் கடக்கக் காத்திருந்தன. ஒருவரும் ஹார்ன் அடிக்கவில்லை. அந்த அமைதியில் மடிமேல் தூக்கி வைத்திருந்த, கட்டுப் போட்ட காலைப் பார்த்தேன். யாரோ கொஞ்ச நேரம் பிடித்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போன மூட்டை மாதிரி இருந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா ஒரு நைலான் இழையை எடுத்தார். "கண்ண மூடிக்கோங்க. தொடறது தெரிஞ்சா 'ம்' சொல்லுங்க."

மூடிக்கொண்டேன். மின்விசிறி சுற்றும் சத்தம் கேட்டது. வெகுநேரம் கழித்து, "ஆரம்பிங்க மேடம்" என்றேன்.

"முடிச்சிட்டேம்மா. பத்து எடம் தொட்டாச்சு."

கண்ணைத் திறந்தபோது மாதேஷ் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பத்து முறையும் அவர் பார்த்திருந்தார்.

அது நியூரோபதி (சர்க்கரையால் நரம்பு மரத்துப்போதல்). நான் கவனிக்காத பழைய புண் ஒன்றால் சுண்டுவிரலில் கேங்க்ரீன் (ரத்தம் ஓடாமல் சதை செத்துக் கறுத்துப்போதல்) ஏற்கெனவே தொடங்கியிருந்தது. டாக்டரம்மா கறுப்புக்குச் சற்று மேலே பேனாவால் ஒரு கோடு போட்டார். "விரலோட நிறுத்தப் பாக்கறோம். கறுப்பு இந்தக் கோட்டத் தாண்டிச்சுன்னா பாதத்தையே எடுக்கணும்."

காத்திருந்த இரண்டு நாளும் என் கடிகாரம் அந்தக் கோடுதான். காலையில் கட்டைப் பிரிக்கும்போது மாதேஷின் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்வேன். என் காலில் என்ன நடக்கிறது என்பது எனக்கு முன்னால் அவருக்குத் தெரிந்தது. பார்க்க வந்த நாகரத்னா அக்கா அன்றைய செருப்புப் பேச்சை நினைத்து அழுதார். "நீ சொன்னதுக்கு இல்லக்கா" என்றேன். "வாய வெச்சிட்டேனே" என்று மட்டும் சொன்னார்.

மூன்றாம் நாள் கறுப்பு கோட்டைத் தொட்டது. தாண்டவில்லை. அன்றே விரலை எடுத்தார்கள். பாதம் தப்பியது.

ஆற நான்கு மாதம் ஆயிற்று. இப்போது லேபிள் ஒட்டும் பிரிவில் உட்கார்ந்து வேலை. தினமும் காலையில் கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைப் பார்க்கிறேன். நேற்று எதையாவது மிதித்தேனா என்பது இன்றுதான் தெரியும். என் கால் எனக்கு ஒரு நாள் பின்னால் வருகிறது. கால் ஊறவைப்பதை டாக்டரம்மா அடியோடு நிறுத்தச் சொல்லிவிட்டார். குளிக்கும் தண்ணீரையும் முழங்கையால் மாதேஷ்தான் பார்க்கிறார்.

போன வாரம், "வெதுவெதுன்னுதான் இருக்குது, ஊத்திக்கோ" என்றார். முதல் சொம்பை ஊற்றினேன். இருக்கிற நான்கு விரலிலும் ஒன்றும் தெரியவில்லை. இல்லாத சுண்டுவிரல் சுரீரென்று சுட்டது. இழந்த உறுப்பில் இப்படி உணர்வு வருவதுண்டு என்று டாக்டரம்மா முன்பே சொல்லியிருந்தார்.

"சுடுதுங்க" என்றேன்.

எது சுடுகிறது என்று அவர் கேட்கவில்லை. சட்டைக் கையை மடித்து, முழங்கையை மறுபடி தண்ணீரில் வைத்துக்கொண்டு, நான் போதும் என்று சொல்லும்வரை அப்படியே நின்றார்.